டின் மால்ட்டில் பீர் காய்ச்சும்போது ஊறவைக்கும் தானியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது டொரொன்டோவில். வெளியே தலைகாட்ட முடியாத குளிர்காலச் சனிக்கிழமைகளில் பேஸ்மென்ட்டில் பீர் காய்ச்சுவது பழக்கமாகி எட்டு ஒன்பது வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் மட்டும்தான். இப்போதும் பாதி நாள் அதுதான், ஏனென்றால் முழுத் தானியத்தில் காய்ச்ச உட்கார்ந்தால் பகல் முழுக்கப் போய்விடும், எக்ஸ்ட்ராக்ட் என்றால் மூன்று மணி நேரத்தில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடலாம். புதிதாக இறங்குகிற நண்பர்கள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் சுற்றுகிறது: டின்னோடு ஒரு சின்னப் பொட்டலத்தில் தானியமும் ஒரு துணிப் பையும் கொடுக்கிறார்களே, அதை என்ன செய்வது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எக்ஸ்ட்ராக்ட்டே மால்ட்தானே, பிறகு தானியம் எதற்கு?

பார்லியை முளைகட்டி, முளை நீளுவதற்குள் சூடேற்றி உலர்த்தினால் அது மால்ட். வீட்டில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து ராகி மால்ட் செய்வார்களே, அதே வேலைதான். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் உண்டாகின்றன. உடைத்த மால்ட்டை 65 டிகிரிச் சுடுநீரில் ஒரு மணி நேரம் போட்டு வைத்தால் அந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். இதற்கு மாஷ் என்று பெயர். வடித்தெடுக்கும் இனிப்புத் தண்ணீர் வொர்ட். ஆலையில் அந்த வொர்ட்டை வற்றவைத்தால் பாகு, முழுக்க உலர்த்தினால் பவுடர். டின்னில் இருப்பது இதுதான், அதாவது மாஷ் வேலையை யாரோ உங்களுக்காக முன்பே முடித்துவிட்டார்கள்.

வற்றவைத்ததில் சர்க்கரை தங்கும், தானிய வாசம் ஓடிவிடும். இன்ஸ்டன்ட் காபி மாதிரி. அதில் புதிதாக இறக்கிய டிகாக்‌ஷனை இரண்டு ஸ்பூன் ஊற்றினால் எப்படி இருக்கும்? ஊறவைக்கும் தானியம் அந்த இரண்டு ஸ்பூன். நிறம், கேரமல் வாசம், வறுத்த ருசி, வாயில் கொஞ்சம் கனம், எல்லாம் அந்தச் சின்னப் பையிலிருந்து வருகிறது. ஆல்கஹாலுக்கான சர்க்கரையை இதில் எதிர்பார்க்க வேண்டாம், அதை டின் பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, இதை நான் "ஊறல்" என்று சுருக்கிச் சொல்வதில்லை. நம் ஊர்ச் செய்தித்தாளில் ஊறல் என்றால் பேரல் பேரலாகப் போலீஸ் கொட்டி அழிக்கிற சமாச்சாரம், அம்மா போனில் அந்த வார்த்தையைக் கேட்டால் விளக்கம் சொல்லி முடியாது.

எந்தத் தானியத்தை ஊறவைக்கலாம், எதை ஊறவைக்கக் கூடாது?

இதுதான் உண்மையான கேள்வி, இது புரிந்தால் மீதி எல்லாம் சில்லறை. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தத் தானியத்துக்குள் இப்போது இருப்பது மாவுச்சத்தா, கரையத் தயாராக இருக்கும் சர்க்கரையும் நிறமுமா?

கிரிஸ்டல் மால்ட், கேரமல் மால்ட் என்று இரண்டு பெயரில் விற்பது அநேகமாக ஒரே வகைதான். சாதாரண மால்ட்டை முளை விட்டதும் உலர்த்துவார்கள்; இதை மட்டும் ஈரத்தோடேயே 65, 70 டிகிரியில் மூடிப் புழுங்க விடுவார்கள். உமிக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாகிப் பாகு கட்டிவிடும். அப்புறம் சூட்டை ஏற்றி உலர்த்தினால் அந்தப் பாகு கண்ணாடி மாதிரி இறுகிவிடும். நெல்லைப் புழுக்கிப் பிறகு காயவைக்கிறோமே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள், கடக்கென்று உடைந்து நாக்கில் இனிக்கும். மாஷ் அந்த மணிக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது, சுடுநீரில் கரைத்து எடுப்பது மட்டும்தான் பாக்கி.

வறுத்த வகைகளும் ஊறவைக்கலாம்: சாக்லேட் மால்ட், பிளாக் மால்ட், முளைகட்டாமலே வறுத்த ரோஸ்டட் பார்லி. சாக்லேட் மால்ட்டில் சாக்லேட் எதுவும் கிடையாது, நிறத்துக்காக வந்த பெயர். கடும் சூட்டில் வறுபட்டதால் நொதியெல்லாம் செத்துப்போயிருக்கும், கரைந்து வருவது நிறமும் காபி மாதிரிக் கசப்பும்.

ஊறவைப்பதால் மட்டும் பலன் தராதவை: பேல் மால்ட், பில்ஸ்னர் மால்ட், கோதுமை மால்ட், வியன்னா, மியூனிக், பிஸ்கட், ஆம்பர் மால்ட், அப்புறம் ஓட்ஸ், பார்லி, சோளம் ஆகியவற்றின் அவல்கள். இவற்றில் மாவுச்சத்து மாவுச்சத்தாகவே இருக்கிறது. மாஷ் செய்துதான் ஆக வேண்டும். முதல் ஐந்துக்குச் சொந்த நொதி உண்டு. பிஸ்கட், ஆம்பர், அவல் வகைகளுக்கு அதுவும் கிடையாது, நொதியுள்ள ஒரு மால்ட் கூடவே போக வேண்டும்.

கேராபில்ஸ் என்ற வெளிறிய மால்ட்டைப் பற்றிக் கேட்பார்கள். நுரை நிற்கும், கனம் கூடும் என்று போடுகிறார்கள். எக்ஸ்ட்ராக்ட் பீரில் கனத்துக்கு எப்போதும் குறைச்சல் இருந்ததில்லை என்பதால் நான் போடுவதை விட்டுவிட்டேன்.

தெரியாமல் ஓட்ஸ் அவலை ஊறவைத்துவிட்டேன். கெட்டுப்போகுமா?

கெடாது. கலங்கும். கஞ்சித் தண்ணீர் வொர்ட்டில் கலந்தது மாதிரிதான், ஈஸ்ட்டால் மாவுச்சத்தைத் தின்ன முடியாது, அது அப்படியே மிதந்து பீரை மங்கலாக்கும். காட்டு ஈஸ்ட் எதாவது உள்ளே புகுந்தால் அதற்கு அது விருந்து, அந்த ஒரு அபாயம் உண்டு. சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்பூன் வொர்ட்டை வெள்ளைத் தட்டில் ஊற்றி ஆறவைத்து ஒரு சொட்டு டிங்ச்சர் அயோடின் விடுங்கள், பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் விட்டோமே, அதே சோதனை. கருநீலமானால் மாவுச்சத்து. அயோடின் விட்டதைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள்.

ஓட்மீல் ஸ்டவுட்தான், அதாவது ஓட்ஸ் போட்ட கறுத்த பீர்தான், வேண்டும் என்றால் வழி இருக்கிறது. அதே பையில் ஓட்ஸ் அவல் அரை கிலோ, உடைத்த பேல் மால்ட் அரை கிலோ, மூன்று லிட்டர் தண்ணீர், 66 டிகிரி, ஒரு மணி நேரம். பாத்திரத்தை மூடிப் பழைய போர்வையைச் சுற்றி வைத்தால் சூடு நிற்கும். இதற்கு மினி மாஷ் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், ஊறவைப்பதற்கும் இதற்கும் நடுவே வேறுபாடு தெர்மாமீட்டரைக் கொஞ்சம் கவனமாகப் பார்ப்பது மட்டும்தான்.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்?

65 முதல் 70 டிகிரி, அரை மணி நேரம். அமெரிக்கச் செய்முறைகளில் 150 ஃபாரன்ஹீட் என்று இருக்கும், அது 65.5 டிகிரி. கிரிஸ்டலையும் வறுத்ததையும் மட்டும் போடும்போது இந்த எண்ணில் மாயம் ஒன்றும் இல்லை, 60 ஆனாலும் 72 ஆனாலும் பெரிதாக மாறாது. சிலர் பச்சைத் தண்ணீரிலேயே பையைப் போட்டு அடுப்பை மூட்டி, 75 டிகிரி தொட்டதும் எடுத்துவிடுவார்கள். நானும் சோம்பலான நாட்களில் அப்படித்தான்.

மேல் எல்லை மட்டும் நினைவில் இருக்கட்டும்: 77 டிகிரி. அதற்கு மேல் போனால் உமியிலிருந்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்க ஆரம்பிக்கும்.

கவனிக்காமல் விட்டுக் கொதித்துவிட்டது. கொட்டிவிடவா?

உடனே கொட்டாதீர்கள். பையை எடுத்துவிட்டு, ஒரு ஸ்பூன் ஆறவைத்து நாக்கில் விட்டுப் பாருங்கள். டீத்தூளை மறந்து கொதிக்கவிட்ட டீ மாதிரி, கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி, நாக்கு இழுத்துக்கொண்டால் டானின். கசப்பு வேறு, துவர்ப்பு வேறு. தமிழில் இதற்குத் தனிச் சொல் இருப்பது நமக்கு வசதி, இங்கே கடையில் என் கனடிய நண்பருக்கு இதை விளங்கவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே.

எனக்கு ஒரு தடவை ஆனது. பத்து லிட்டர் தண்ணீரில் அரை கிலோ கிரிஸ்டலைப் போட்டுவிட்டு அம்மாவோடு போனில் இருந்தேன், அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசக் கதை முழுசாக முடியும்போது பாத்திரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பரவாயில்லை என்று தொடர்ந்தேன். இரண்டு மாதம் கழித்துக் குடித்தபோது வாழைக்காய்த் தோலைச் சப்பிய மாதிரி இருந்தது, ஆறு மாதம் வைத்தும் முழுசாகப் போகவில்லை.

ஆனால் சூடு மட்டும் காரணம் இல்லை. ஜெர்மானிய முறை ஒன்றில் மாஷில் ஒரு பகுதியைத் தானியத்தோடு எடுத்துக் கொதிக்கவே விட்டுத் திரும்ப ஊற்றுவார்கள், அதற்கும் டிகாக்‌ஷன் என்றுதான் பெயர். அவர்கள் பீர் துவர்ப்பதில்லை. ஏன்? மாஷ் கெட்டியாக இருக்கிறது, அதன் பிஎச் (அமில-கார அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 5.2 முதல் 5.6க்குள் நிற்கிறது. டானின் தாராளமாக இறங்க அதிகச் சூடும் 6க்கு மேற்பட்ட பிஎச்சும் சேர வேண்டும். நான் செய்த தப்பு கொதிக்கவிட்டதோடு, அரை கிலோவைப் பத்து லிட்டரில் நீச்சலடிக்க விட்டதும்தான்.

அப்படியானால் எவ்வளவு தண்ணீர்?

கிலோவுக்கு நாலிலிருந்து ஆறு லிட்டர், எட்டுக்கு மேல் வேண்டாம். அரை கிலோ தானியம் என்றால் இரண்டரை மூன்று லிட்டர், தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில். தண்ணீர் குறைவாக இருந்தால் தானியமே பிஎச்சைக் கீழே இழுத்துவிடும், கறுத்த மால்ட் இன்னும் நன்றாக இழுக்கும். பெரிய பாத்திரம் முழுக்கத் தண்ணீர் நிரப்பி அதில் ஒரு பையைத் தொங்கவிடும் படம்தான் எல்லாப் பெட்டிகளிலும் அச்சடித்திருக்கிறது. உங்கள் ஊர்த் தண்ணீர் மென்மையாக இருந்தால் அதுவும் தப்பிக்கும், உப்புத் தண்ணீர் ஊரில், கெட்டிலில் வெள்ளைப் படிவு கட்டுகிற ஊரில், தப்பாது.

தண்ணீர் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். டொரொன்டோ குழாய்த் தண்ணீரில் கிருமிக்காகக் குளோரமைன் சேர்க்கிறார்கள். சாதாரணக் குளோரின் மாதிரி இது கொதித்தால் சட்டென்று ஓடாது, மால்ட்டோடு சேர்ந்து பீரில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி வாசம் கொண்டுவரும். 20 லிட்டருக்குக் காம்ப்டன் என்ற சல்ஃபைட் மாத்திரையில் கால் பங்கைப் பொடித்துக் கலக்கினால் சில நிமிடத்தில் போய்விடும். டப்பா ஒன்று வாங்கினால் வருடக்கணக்கில் வரும்.

தானியத்தை எப்படி உடைப்பது? மிக்ஸியில் போடலாமா?

ஒன்றிரண்டாக. ரசத்துக்கு மிளகு சீரகம் இடிக்கிற பதம். ஒவ்வொரு மணியும் இரண்டு மூன்றாக உடைந்திருக்க வேண்டும், உமி முடிந்தவரை கிழியாமல் இருக்க வேண்டும். வாங்கும் கடையிலேயே உருளை ஆலை இருக்கும், உடைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் என்றால் கெட்டியான ஜிப் பையில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி அழுத்துங்கள், அரை கிலோவுக்குப் பத்து நிமிடம். மிக்ஸியில் ஒரு விநாடி விட்டு விட்டு நாலு தடவை ஓட்டலாம், ஐந்தாவது தடவை மாவாகிவிடும், மாவானால் பையின் கண்ணெல்லாம் அடைத்துக் கொழகொழவென்று வடியாது.

உடைக்காமல் முழுசாகப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். போடலாம், அரை மணி நேரம் கழித்து முழுசாகவே வெளியே வரும்.

உடைத்த தானியத்தைக் காற்றுப் புகாமல் வைத்தால் ஒரு மாதம் தாராளமாகத் தாங்கும். முழுத் தானியம் ஒரு வருடம் வரைக்கும் வைக்கலாம். கிரிஸ்டல் மால்ட் கடிக்கும்போது மொறுமொறுப்பு போய் நமத்த பொரி மாதிரி இருந்தால் பழசு.

பையைப் பிழியலாமா? பிழிந்தால் துவர்க்கும் என்கிறார்களே?

பிழியலாம். டானின் இறங்குவது சூட்டாலும் பிஎச்சாலும், கை அழுத்தத்தால் இல்லை. முழுத் தானியத்தைப் பையில் போட்டே காய்ச்சுகிறவர்கள் கையுறை போட்டுக்கொண்டு முறுக்கிப் பிழிகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. நான் செய்வது இது: பையைத் தூக்கி வடியவிட்டு, பக்கத்தில் ஒரு லிட்டர் 70 டிகிரித் தண்ணீரில் இரண்டு தடவை முக்கி எடுப்பேன். தேங்காயில் இரண்டாம் பால் எடுக்கிற மாதிரி. அதையும் பெரிய பாத்திரத்தில் ஊற்றிவிட்டால் பையில் மிச்சம் ஒன்றும் இருக்காது.

பை எப்போதும் தளர்வாக இருக்கட்டும். தானியம் ஊறிப் பருக்கும், அதற்கு இடம் வேண்டும். மல்துணியில் மூட்டையாகக் கட்டினாலும் போதும்.

பெயருக்குப் பின்னால் 20, 60, 120 என்று எண் போட்டிருக்கிறதே?

லோவிபாண்ட் எண், நிறத்தின் அளவு. ஜோசஃப் லோவிபாண்ட் என்ற ஆங்கிலேயர், பீர் ஆலைக் குடும்பத்துக்காரர், 1880களில் வண்ணக் கண்ணாடித் தகடுகளோடு ஒப்பிட்டுப் பீரின் நிறத்தை அளக்க ஒரு கருவி செய்தார், அவர் பெயர்தான். எண் ஏற ஏறச் சூடு அதிகம் பட்டிருக்கிறது என்று அர்த்தம், ருசியும் கூடவே மாறும். 20ல் தேன் சாயல். 40, 60ல் கேரமல், பால்கோவாவின் அடிப்பிடித்த ஓரம். 120ல் உலர்ந்த திராட்சை, பேரீச்சை, கருப்பட்டி. சாக்லேட் மால்ட் 350 பக்கம், பிளாக் மால்ட் 500 பக்கம்.

பிரிட்டிஷ், ஐரோப்பிய மால்ட்டில் இ.பி.சி. என்ற வேறு அளவு போட்டிருப்பார்கள், அது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இ.பி.சி. 150 என்பது இங்கே 60. இதைக் கவனிக்காமல் 60 என்று பார்த்து மாற்றி வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

எவ்வளவு போடுவது?

நீங்கள் நினைப்பதில் பாதி. 19, 20 லிட்டருக்குச் சொல்கிறேன்: 20 முதல் 60 வரைக்குமான கிரிஸ்டல் 250இலிருந்து 500 கிராம். 80, 120 மாதிரி கறுத்த கிரிஸ்டல் 250க்கு மேல் போகாதீர்கள், திராட்சை வாசம் திகட்டும். சாக்லேட் மால்ட் பிரவுன் ஏலுக்கு 100 கிராம், போர்ட்டர் என்ற கறுத்த பீருக்கு 200, 250. ரோஸ்டட் பார்லி ஸ்டவுட்டுக்கு 300 முதல் 500. சிவப்பு நிறத்துக்கு மட்டும் என்றால் 30, 40 கிராமே போதும். பிளாக் மால்ட் ஒரு கைப்பிடி.

வகை இரண்டு, அதிகம் போனால் மூன்று. கடைக்குப் போனால் கண்ணாடி டப்பாக்களைப் பார்த்து ஆசை வரும், ஐந்து வகையில் நூறு நூறு கிராம் வாங்கத் தோன்றும். எல்லா மசாலாவையும் போட்ட குழம்பு மாதிரி, பழுப்பாக, எந்த ருசி எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாத பீர்தான் மிஞ்சும். ஒரு தடவை கிரிஸ்டல் 40 மட்டும் போட்டுக் காய்ச்சுங்கள், அடுத்த தடவை 80 மட்டும். நாக்கு தானாகக் கற்றுக்கொள்ளும்.

கொஞ்சத்தில் காரியம் நடக்கும் என்பதற்குப் பழைய உதாரணம் உண்டு. 1817இல் லண்டனில் டேனியல் வீலர் என்பவர் காபி வறுக்கிற மாதிரி உருளையில் மால்ட்டைக் கருக வறுக்கக் காப்புரிமை வாங்கினார். அதுவரை போர்ட்டருக்குப் பழுப்பு மால்ட்டை நிறையக் கொட்டிக்கொண்டிருந்தவர்கள், சர்க்கரை அதிகம் தரும் வெளிறிய மால்ட்டையே பெரும்பகுதியாக வைத்துக்கொண்டு இதில் சிறிதளவு போட்டு நிறத்தைக் கொண்டுவந்தார்கள். பிளாக் பேட்டன்ட் மால்ட் என்ற பெயரே அந்தக் காப்புரிமையால் வந்தது. வெளிறிய எக்ஸ்ட்ராக்ட் டின்னும் ஒரு கைப்பிடிக் கறுப்பு மால்ட்டும் வைத்துக்கொண்டு நாம் செய்வதும் அதேதான்.

அமெரிக்கச் செய்முறையைக் கிலோ லிட்டருக்கு மாற்றுவது எப்படி?

ஒரு பவுண்டு 454 கிராம். 5 கேலன் 19 லிட்டர். பிரிட்டிஷ் செய்முறை என்றால் கேலனே வேறு, 5 கேலன் 23 லிட்டர். கனடாவில் வயதானவர்கள் கேலன் என்றால் பிரிட்டிஷ் கேலனைச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தானியத்தால் ஆல்கஹால் கூடுமா?

மிகக் கொஞ்சம். ஹைட்ரோமீட்டர் என்பது வொர்ட்டின் அடர்த்தியை, அதாவது கரைந்த சர்க்கரையை, அளக்கும் மிதவை, வெறும் தண்ணீரில் 1.000 காட்டும். அதன் கணக்குக்கு ஒரு எளிய வழி: ஒரு கிலோ மால்ட் பவுடர் 10 லிட்டரில் 1.037 காட்டும், பாகு 1.030, ஊறவைத்த கிரிஸ்டல் ஏறக்குறைய 1.015. அரை கிலோ கிரிஸ்டல் 20 லிட்டரில் போனால் நாலு புள்ளி, அதாவது 0.004, ஏறும். அதிலும் ஒரு பகுதி ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரை, அது இனிப்பாகவும் கனமாகவும் அப்படியே தங்கிவிடும். கிரிஸ்டல் கூடினால் பீர் 1.018, 1.020இல் நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம், ஈஸ்ட் மேல் பழி போடாதீர்கள்.

டார்க் எக்ஸ்ட்ராக்ட் வாங்கிவிட்டால் தானியமே வேண்டாமா?

ஆம்பர், டார்க் என்று விற்கும் எக்ஸ்ட்ராக்ட்டுக்குள் கிரிஸ்டலும் வறுத்த மால்ட்டும் ஏற்கெனவே கலந்து காய்ச்சியிருக்கிறார்கள். எது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது, கூட்டவோ குறைக்கவோ முடியாது. நான் எந்தப் பீருக்கும், ஸ்டவுட்டுக்குக்கூட, வெளிறிய எக்ஸ்ட்ராக்ட்டைத்தான் வாங்குவேன். நிறமும் ருசியும் பையிலிருந்து வரட்டும். கடையில் பழைய டார்க் டின் தள்ளுபடியில் கிடந்தால் விட்டுவிட்டு வாருங்கள், பாகு டின்னில் இருக்கும்போதே மெல்ல மெல்லக் கறுத்துப் பழைய சுவை ஏறும். பவுடர் அந்த விஷயத்தில் தேவலாம்.

ஊறவைத்த தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் சேர்க்கலாமா?

கூடாது. தானியத்தின் உமியில் லாக்டோபசிலஸ் நிறையக் குடியிருக்கிறது, இட்லி மாவைப் புளிக்கவைக்கிறதே அந்தக் குடும்பம். 65, 70 டிகிரியில் எல்லாம் சாகும் என்று நம்ப முடியாது. கால் மணி நேரமாவது கொதிக்கட்டும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவைச் சேர்த்தே வரும் டின், உதாரணமாகக் கூப்பர்ஸின் 1.7 கிலோ டின், கொதிக்கவைக்காமலே செய்யும்படி அமைத்தது. அதிலும் தானியம் சேர்க்கலாம், ஊறவைத்த தண்ணீரை மட்டும் தனியாக 15 நிமிடம் கொதிக்கவைத்து ஊற்றுங்கள். கூடவே சேர்க்கச் சொல்லும் ஒரு கிலோ சர்க்கரைக்குப் பதில் மால்ட் பவுடரும் 250 கிராம் கிரிஸ்டலும் போட்டுப் பாருங்கள், அதே டின்தானா என்று தோன்றும்.

வறுத்த மால்ட்டைப் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைக்கலாம் என்கிறார்களே?

ஸ்டவுட்டுக்கு எனக்குப் பிடித்த முறை. 400 கிராம் ரோஸ்டட் பார்லி, இரண்டு லிட்டர் தண்ணீர், மூடிக் குளிர்பெட்டியில் 12 மணி நேரம், காலையில் வடிகட்டு. நிறம் முழுசாக வரும், கருகல் காரம் குறையும். கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போது பாத்திரத்தில் ஊற்றினால் போதும். ருசி கொஞ்சம் அடங்கி வருவதால் தானியத்தைக் கால் பங்கு கூட்டிப் போடுவேன்.

முழுசாக ஒரு செய்முறை சொல்லுங்களேன்.

19 லிட்டர் ஆம்பர் ஏல். வெளிறிய மால்ட் பவுடர் 2.4 கிலோ, கிரிஸ்டல் 60 350 கிராம், சாக்லேட் மால்ட் 40 கிராம், கேஸ்கேட் ஹாப்ஸ் 60 கிராம், யுஎஸ்-05 ஈஸ்ட் ஒரு பாக்கெட்.

இரண்டு லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குக் கொண்டுவந்து அடுப்பை அணைத்துப் பையைப் போட்டு மூடி அரை மணி நேரம் மறந்துவிடுங்கள், சூடு 65க்கு இறங்கியிருக்கும், அது சரிதான். அதற்குள் 15 லிட்டர் பாத்திரத்தில் ஒன்பது லிட்டர் தண்ணீர் சுடட்டும். பையை வடித்து, இரண்டாம் பால் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து, அடுப்பை அணைத்துவிட்டுப் பாதி பவுடரைக் கொட்டிக் கிளறுங்கள். அணைக்காமல் கொட்டினால் அடியில் போய் ஒட்டிக் கருகும், பாகு என்றால் கட்டாயம் கருகும். திரும்ப மூட்டிக் கொதி வரும்போது நுரை பால் பொங்குகிற மாதிரி ஒரே மூச்சில் எழும்பும், அப்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நுரை அடங்கியதும் 30 கிராம் ஹாப்ஸ். 45 நிமிடம் கழித்து மறுபடி அடுப்பை அணைத்து மீதிப் பவுடர். கடைசியில் போடுவதால் நிறம் கறுக்காது, நீர்த்த வொர்ட்டில் ஹாப்ஸின் கசப்பும் நன்றாக இறங்கியிருக்கும். முடிய பத்து நிமிடம் இருக்கும்போது மீதி 30 கிராம் ஹாப்ஸ்.

தொட்டியில் ஐஸ் தண்ணீர் நிரப்பி அதில் பாத்திரத்தை வைத்து ஆற்றுங்கள். கொல்லைப்புறப் பனியில் புதைத்தால் சீக்கிரம் ஆறும் என்று எல்லோரும் முதல் வருடம் நினைப்போம். பாத்திரத்தைச் சுற்றிப் பனி உருகிக் குழி விழுந்து காற்று நின்றுவிடும், ஆறவே ஆறாது. ஆறியதும் கிருமிநீக்கிய வாளியில் ஊற்றி 19 லிட்டருக்கு நிரப்பினால் 1.049 பக்கம் காட்டும். 20 டிகிரிக்குக் கீழே வந்தபின் ஈஸ்ட். 18இலிருந்து 20 டிகிரியில் இரண்டு வாரம், எங்கள் பேஸ்மென்ட் ஜனவரியில் தானாகவே அந்தச் சூட்டில்தான் இருக்கும். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை அளந்து எண் மாறாமல் 1.012 பக்கம் நின்றால் 115 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் கரைத்துப் பாட்டிலில் அடையுங்கள். எண் இறங்கிக்கொண்டிருக்கும்போது அடைத்தால் பாட்டில் வெடிக்கும். ஆல்கஹால் ஐந்துக்குக் கொஞ்சம் கீழே வரும்.

ஹார்லிக்ஸில் பீர் செய்ய முடியுமா?

சிரிக்காதீர்கள், மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பார்லி மால்ட் இருப்பது உண்மைதான், ஆனால் பாலும் இருக்கிறது. வேண்டாம்.

சட்டப்படி செய்யலாமா?

கனடாவில் சொந்தக் குடிக்குச் செய்யலாம், விற்கக் கூடாது. ஒன்டாரியோவில் குடிக்கும் வயது 19. அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வருடத்துக்கு ஒருவருக்கு 100 கேலன், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 200 கேலன் என்று வழிவிட்டது. பிரிட்டனில் 1963இலேயே உரிமத் தேவையை எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 1937 மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்த மதுவும் தயாரிக்கக் கூடாது, வீட்டுச் சமையலறையும் அதில் அடக்கம். ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஈஸ்ட் பாக்கெட் வைத்துக்கொண்டு யோசனை பண்ணாதீர்கள்.

ஊறவைத்து எடுத்த சக்கையை என்ன செய்வது?

கிரிஸ்டல் மட்டும் என்றால் ஒரு கைப்பிடியை அடை மாவில் கலந்து பார்த்திருக்கிறேன், வாசம் நன்றாக இருந்தது, உமி பல்லில் மாட்டியது. ஓவனில் மெல்லிய சூட்டில் உலர்த்தி மிக்ஸியில் பொடித்துச் சலித்துச் சப்பாத்தி மாவில் ஒரு பங்கு சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை. கறுத்த மால்ட் சக்கை கசக்கும், செடிக்குப் போடுங்கள், அன்றே போடுங்கள், மறுநாள் புளித்து நாறும். நாய் வளர்க்கிறவர்கள் ஹாப்ஸ் சக்கை மட்டும் நாய்க்கு எட்டாத இடத்தில் போட வேண்டும், நாய்க்கு அது விஷம். பையை உள்வெளியாகத் திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள், சோப்பு வேண்டாம்.